கண்டக்டருக்கு என்ன விலை

என் புருஷனை ஒன்றுக்கும் உதவாத ஆள் என்று சொல்லும் உரிமை எனக்கு மட்டும்தான் உண்டு. கல்யாணமான நாளிலிருந்து அந்த உரிமையை ஒரு குறையும் வைக்காமல் பயன்படுத்தி வருகிறேன். விழுப்புரத்திலிருந்து ஒரு பெண் லேப்டாப்போடு வந்து அதையே நாகரிகமாகச் சொன்னபோதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் பெயர் சவுரிராயன். திண்டிவனம் – விழுப்புரம் அரசு பஸ்ஸில் கண்டக்டர். ஒரு நாள் டூட்டி, ஒரு நாள் ஓய்வு; ஞாயிற்றுக்கிழமை எப்போதும் ஓய்வு. ஓய்வு என்பது அரசாங்கம் வைத்த பெயர். அந்த நாளில் அவர் ஏரிக்கரைத் திடலுக்குப் போய் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுப்பார். டூட்டி நாளிலும் வண்டியை விட்டு இறங்கியதும் நேரே அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, நான் கோயில் வாசலில் செருப்பு மாட்டுவதற்குள் ஆள் மறைந்துவிடுவார். மகள் அமலா புதுச்சேரிக்கு நர்சிங் படிக்கப் போன பிறகு வீட்டில் நானும் என் தையல் மெஷினும்தான்.

திடலில் 'திண்டிவனம் கால்பந்துக் கழகம்' என்று ஒரு பலகை உண்டு. எழுதியவன் 'கால்பந்து' என்பதைப் பொடியாகவும் 'கழகம்' என்பதைப் பெரிதாகவும் எழுதித் தொலைத்தான். அதனால் அவ்வப்போது யாராவது முதியோர் பென்ஷன் மனுவோடு வந்து நிற்பார்கள். என் புருஷன் அதையும் வாங்கித் தோல்பையில் வைத்துக்கொண்டு, தாலுக்கா ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார். அப்படிப்பட்ட ஆள்.

பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் பந்து ஆடியிருக்கிறார். மீதி எல்லாம் பஸ்ஸில் கற்றது. இரண்டு விசில் ஊதினால் கிளம்ப வேண்டும், ஒரு விசில் ஊதினால் நிற்க வேண்டும். திடலுக்கு வரும் பிள்ளைக்கு முதல் பாடமே அதுதான். நம் கோல் போஸ்ட் திண்டிவனம். எதிராளி கோல் போஸ்ட் விழுப்புரம். நடுக்கோடு வழியில் வரும் கூட்டேரிப்பட்டு, அதைத் தாண்டிப் போனால் விக்கிரவாண்டி. "இன்னாடா, எல்லாரும் கூட்டேரிப்பட்டுலயே கும்பலா நின்னுக்கினு இருக்கீங்க? விக்கிரவாண்டில ஒருத்தனும் காணமே!" என்று இவர் கத்தினால் நான்கு பேர் முன்னால் ஓடுவார்கள். ஆஃப்சைடு விதியை விளக்கப் பெரிய பெரிய கோச்சுகள் படம் போட்டுக் காட்டித் திணறுகிறார்களாம். இவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "டிக்கெட் எடுக்காம முன்னால போய் நின்னா செக்கிங்ல மாட்டுவ."

பையன்களுக்கு ஜெர்சி தைப்பது நான். சாயங்காலம் முட்டையும் மல்லாட்டைக் கடலையும் வேகவைத்துக் கொண்டுபோவதும் நான். அதில் எனக்கு வருத்தமில்லை. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. ஓய்வு நாளில் என் புருஷன் என் வீட்டில் இருக்க வேண்டும். சும்மா உட்கார்ந்து என்னோடு நாலு வார்த்தை பேச வேண்டும். இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அவருக்குக் காது கேட்காமல் போய்விட்டது.

இந்த நேரத்தில்தான் சீனுவாசன் வந்தார். விழுப்புரத்தில் பிளாட் போட்டு விற்கிறவர். நான்குவழிச் சாலை ஓரத்தில் எங்கே கொடி கட்டிய வெற்றுநிலம் தெரிந்தாலும் அது அவருடையதுதான். பிளாட்டில் சம்பாதித்ததை வைத்து 'விழுப்புரம் வேங்கைகள்' என்று ஒரு கால்பந்து கிளப் நடத்துகிறார். பச்சைப் பாய் விரித்த மைதானமும் உண்டு. எங்கள் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, என் டீயைக் குடித்துக்கொண்டே சொன்னார்.

"அக்கா, அண்ணன் பண்ணிக்கினு இருக்கறது வெளயாட்டு இல்ல. அசெட்டு."

"எது? அந்த ரெண்டு கம்பமா?"

"பசங்கக்கா! ரெடிமேடா ஆள் வாங்கினா கட்டுப்படி ஆவல. ஒரு ஸ்ட்ரைக்கரை வாங்கற துட்டுல நான் நாலு ஏக்கர் வாங்கிப் போட்டுடுவேன். சின்ன வயசுலயே புடிச்சு நாமளே வளர்த்துக்கினா, ஒன்னு நம்ம டீமுக்கே ஆடுவான். இல்லாட்டி பெரிய கிளப்புக்காரன் வந்து தூக்கினு போவான், துட்டு குடுப்பான். அப்புறம் அவன் கை மாறச்சே வளர்த்தவங்களுக்கும் ஒரு பங்கு வரும். பத்துல ஒருத்தன் தேறினா போதும், மீதி ஒம்போது பேரு சாப்ட செலவு அடிபட்டுப் போவும். ரோடு வர்றதுக்கு மின்ன நெலத்தை வாங்கிப் போடற மாதிரிதான்."

"அப்ப எங்க கழகத்தை வாங்கிக்கறேன்றீங்க."

"முறையா மதிப்புப் போட்டு வாங்கிக்கறேன். பசங்க விழுப்புரத்துக்கு வேன்ல வந்து போவாங்க. லைசன்ஸ் வச்ச கோச்சு இருக்காரு. அண்ணன் நிம்மதியா வீட்ல இருக்கலாம்."

கடைசி வாக்கியத்துக்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் எனக்குக் கேட்கவில்லை. என் புருஷன் முகத்தைப் பார்த்தேன். அவர் டீ டம்ளருக்குள் பார்த்துக்கொண்டு, "ஜெசிந்தா சொன்னா சரிங்க" என்றார். நான் உடனே சொன்னேன்: "சரி."

மதிப்புப் போட வந்தவள்தான் சங்கவி. சீனுவாசனின் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கும் பெண். நல்ல பெண், மரியாதை தெரிந்தவள், என்னை ஆன்ட்டி ஆன்ட்டி என்று வாய் நிறையக் கூப்பிட்டாள். திடலில் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்து பையன்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். உயரம், எடை, ஓடும் வேகம், எந்தக் கால். விஷயம் முந்தின நாளே ஊருக்குள் பரவிவிட்டதால் தாய்மார்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குத் தலையில் எண்ணெய் வழிந்தது. போட்டோ எடுப்பார்களோ என்று பவுடர் வேறு.

இடதுகால்காரப் பையனுக்கு மதிப்பு அதிகம் என்று சங்கவி யாரிடமோ சொல்லிவிட்டாள். தேவா என்கிற பையன் இடதுகாலால் உதைப்பவன், அவனுக்குத்தான் எல்லோரையும்விடப் பெரிய தொகை. அதைக் கேட்டதும் திடலே தலைகீழாயிற்று. பீச்சாங்கையால் சோறு எடுத்ததற்குப் பிள்ளையின் முதுகில் ஒன்று வைத்தவர்கள் எல்லாம், "டேய், பீச்சாங்காலால ஒதைடா! அம்மா சொல்றன் இல்ல, பீச்சாங்கால்!" என்று கெஞ்சினார்கள். பழக்கமில்லாத காலால் உதைத்து மூன்று பேர் மல்லாந்து விழுந்தார்கள்.

அம்சா என்று ஒருத்தி, எனக்குச் சிநேகிதி, பூ கட்டி விற்கிறவள். அவள் மகன் கோபி கோல் கீப்பர். அவனுக்குக் குறைந்த மதிப்பு போட்டதும் அம்சா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மேஜை எதிரே போய் நின்றாள்.

"எம் புள்ளைக்கு மட்டும் ஏம்மா கம்மி?"

"கீப்பருக்கு மார்க்கெட் கொஞ்சம் கம்மிங்க."

"மத்தவனுங்க கால்லதான வேலை செய்யறானுங்க? எம் புள்ள கையால செய்யறான். கைவேலைக்குக் கூலி ஜாஸ்தியா, கால்வேலைக்கு ஜாஸ்தியா? நீயே சொல்லு."

சங்கவி லேப்டாப் பக்கம் திரும்பினாள். கோபிக்குக் கொஞ்சம் ஏற்றிப் போட்டாள்.

கடைசியில் மொத்தத்தையும் படித்துக் காட்டினாள். கோல் போஸ்ட் இரண்டு ஜோடி, இரும்பு விலை. பந்துகள், பாதிக்குக் காற்று நிற்காது, பழைய விலை. ஜெர்சிகள், உள்ளூர்த் தையல், மதிப்பு குறைவு. இதற்கே எனக்கு முகம் சுண்டியது. பையன்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து நாலு லட்சத்து சொச்சம். பிறகு, "கோச், மிஸ்டர் சவுரிராயன்... நில்" என்றாள்.

என் புருஷன் எழுந்து நின்றார்.

எனக்குக் கோபம் வந்தது. "இன்னாத்துக்கும்மா நிக்கணும்? நாள் பூரா பஸ்ல நின்னுக்கினுதான வர்றாரு. இப்பதான் ஒக்காந்தாரு."

"ஐயோ இல்ல ஆன்ட்டி. நில்னா ஜீரோ. அங்கிளுக்கு வேல்யூ எதுவும் இல்லன்னு அர்த்தம். லைசன்ஸ் வச்ச கோச்சைத்தான் கணக்குல எடுக்க முடியும்."

"லைசன்ஸ் இருக்கும்மா" என்று இவர் சட்டைப் பையிலிருந்து கண்டக்டர் லைசன்ஸை எடுத்து நீட்டினார். சங்கவி அதை வாங்கிப் பார்த்து, சிரிக்கவும் முடியாமல், இரண்டு கையாலும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள். அவர் அதைப் பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டு நின்றுகொண்டே இருந்தார். உட்கார மறந்துவிட்டார்.

துருப்பிடித்த கம்பத்துக்கு ஒரு விலை, காற்றுப்போன பந்துக்கு ஒரு விலை. அந்த நாலு லட்சத்தையும் நாலு காசுக்கு ஆகாத பொடியன்களிலிருந்து உருவாக்கிய மனுஷனுக்கு ஒன்றுமில்லை. வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் புருஷன் இருப்பார் என்ற ஆசை அந்தக் கோபத்தைவிடப் பெரிதாக இருந்தது. ஒரு மாதம் சோதனைக்குப் பையன்கள் விழுப்புரம் போகட்டும், சென்னைப் பெரிய கிளப்பிலிருந்து ஒருவர் வந்து பார்க்கும் மேட்ச் முடிந்ததும் பத்திரம் எழுதிக்கொள்ளலாம் என்று பேச்சு.

புருஷன் வீட்டோடு இருந்த அந்த மாதத்தைப் பற்றி நான் அதிகம் சொல்ல விரும்பவில்லை. ஓய்வு நாள் காலையில் குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு கூடத்தில் உட்காருவார். நான் அடுப்படிக்குப் போனால் அடுப்படிக்கு வருவார். அஞ்சறைப்பெட்டியைத் திறந்து, கடுகு முன்னால் இருக்க வேண்டும், வெந்தயம் பின்னால் போக வேண்டும் என்று இடம் மாற்றி வைத்தார். ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்த பெண்களிடம், "உள்ள போங்கம்மா, உள்ள போங்க, வழியில நிக்காதீங்க" என்றார். இரண்டு பேர் திரும்பிப் போய்விட்டார்கள். நாலு வார்த்தை பேச வேண்டும் என்று ஆசைப்பட்டேனே, அதுவும் நடந்தது. நாலே நாலு வார்த்தைதான் பேசினார். "பசங்க இப்ப இன்னா பண்ணுவானுங்க?" இதையே தினமும்.

நானும் யோக்கியம் இல்லை. பழக்க தோஷத்தில் முதல் நாள் சாயங்காலம் ஒரு பெரிய பாத்திரம் நிறைய முட்டை வேகவைத்துவிட்டேன். இரண்டு பேரும் அந்த வாரம் முழுக்க முட்டையே சாப்பிட்டோம். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

மேட்ச் அன்றைக்கு அவருக்கு டூட்டி. நானும் அம்சாவும் வேனில் போனோம். பச்சைப் பாய் மைதானத்தில் எங்கள் பையன்கள் புது ஜெர்சியில் நின்றார்கள். நான் தைத்தது இல்லை, கடையில் வாங்கியது, தோள்பட்டை தொங்கியது. எதிரணி புதுச்சேரிப் பையன்கள். பந்தலில் சென்னைக்காரர் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சீனுவாசன், மாப்பிள்ளை வீட்டாருக்கு எதிரே உட்கார்ந்த பெண்ணின் அப்பா மாதிரி முந்தானை இல்லாத குறையாக வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தேவா பந்தை நடுவில் வைத்தான். நடுவர் ஒரு விசில் ஊதினார்.

ஒருவனும் அசையவில்லை. தேவா பந்தின் மேல் காலை வைத்துக்கொண்டு நின்றான். நடுவர் மறுபடி ஒரு விசில் ஊதினார். லேசாக ஆடிக்கொண்டிருந்தவன்கூட இப்போது விறைப்பாக நின்றான். லைசன்ஸ் கோச் ஓரத்திலிருந்து கையைக் காலை ஆட்டினார். அவர் பயிற்சியில் விசிலே தொடமாட்டாராம், கை தட்டுவாராம். அதனால் இந்த நோய் அவருக்குத் தெரியாது. நடுவர் பொறுமை இழந்து "பீப், பீப்" என்று இரண்டு ஊதினார். உடனே பதினோரு பேரும் பறந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது கூத்து. ஒவ்வொரு கோலுக்குப் பிறகும், ஒவ்வொரு ஃப்ரீ கிக்குக்கும் நடுவர் ஒரு விசில் ஊதி ஆட்டத்தைத் தொடங்குவார். எங்கள் பையன்கள் நிறுத்தத்தில் நின்ற வண்டி போல நிற்பார்கள். புதுச்சேரிக்காரப் பிள்ளைகள் அவர்களைச் சுற்றிக்கொண்டு போய்க் கோல் போட்டுவிட்டு வருவார்கள். "பிரஸ்! பிரஸ்!" என்று அந்தக் கோச் கத்தினார். எதிராளியை நெருக்கு என்று அர்த்தமாம். கோபி கோலை விட்டு வெளியே வந்து, பத்திரிகைக்காரர் யாராவது போட்டோ எடுக்க வந்திருக்கிறாரா என்று பார்த்தான். அதிலும் ஒரு கோல் போயிற்று.

இடைவேளைக்கு நடுவர் இரண்டு விசில் ஊதினார். புதுச்சேரி அணி தண்ணீர் குடிக்கப் போனது. எங்கள் அணி பந்தை எடுத்துக்கொண்டு பாய்ந்தது. காலி கோலில் தேவா பந்தைப் போட்டான். பதினோரு பேரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். சென்னைக்காரர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். ஐந்துக்குப் பூஜ்ஜியம் என்று பலகை சொன்னது.

பையன்கள் ஓரமாக வந்து உட்கார்ந்தார்கள். தேவா அழுதுகொண்டிருந்தான். "நாங்க கரெக்டாதான் ஆடறோம் ஆன்ட்டி, அவருதான் தப்புத் தப்பா ஊதறாரு" என்றான். சிரிப்பை அடக்கிக்கொண்டு அவன் கண்ணைத் துடைத்துவிட்டேன். போனை எடுத்து என் புருஷனைக் கூப்பிட்டேன். வண்டி அப்போதுதான் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்திருந்தது.

"இன்னா ஜெசி?"

"புள்ளைங்க நின்னுக்கினு இருக்குதுங்க. ஜல்தி வாய்யா."

என்ன ஏது என்று கேட்கவில்லை. ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். காக்கிச் சட்டை, தோளில் தோல்பை, கையில் டிக்கெட் மெஷின். "அடுத்த ட்ரிப்புக்கு டைம் ஆவுது, கொஞ்ச நேரந்தான்" என்று சொல்லிக்கொண்டே கோட்டோரம் போய் நின்றார். நடுவர் ஒரு விசில் ஊதினார். இவர் இரண்டு விசில் ஊதினார். பையன்கள் கிளம்பினார்கள்.

நடுவர் ஓடி வந்து இவர் விசிலைப் பிடுங்கிக்கொண்டார். இவர் அசரவில்லை. வாயாலேயே ஆரம்பித்தார். "ரைட்! ரைட்! போலாம் போலாம்! தேவா, கூட்டேரிப்பட்டுல நிக்காத, வண்டி பைபாஸ்ல போட்டும்! விக்கிரவாண்டில ஒரு ஆளு ஏறு! உள்ள போ, உள்ள போ, படிக்கட்டுல தொங்காத!" தேவா ஓரமாக ஓடி வந்து இடதுகாலால் ஒன்று வைத்தான். கோல். அம்சா என்னைக் கிள்ளிய இடம் மறுநாள் வரை சிவந்திருந்தது. அடுத்தது இன்னொன்று. பிறகு மூன்றாவது. புதுச்சேரி கோச் தன் பையன்களிடம், "விக்கிரவாண்டி எங்கடா இருக்கு, அங்க போய் மடக்குங்கடா" என்று கத்தியதை நான் என் காதால் கேட்டேன்.

அந்த நேரம் பார்த்து டிரைவரிடமிருந்து போன் வந்தது. இவர் பையைப் பிடித்துக்கொண்டு ஓடினார். ஓடும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தார். அவர் போனதும் நடுவர் ஒரு விசில் ஊதினார். எங்கள் பையன்கள் நின்றார்கள். ஆறுக்கு மூன்றில் தோற்றோம்.

சென்னைக்காரர் பந்தலிலிருந்து எழுந்து வந்து சீனுவாசனிடம் கேட்டது ஒரே கேள்விதான். "அந்தக் கண்டக்டர் யாரு?"

மறுநாள் காலையில் சீனுவாசனும் சங்கவியும் எங்கள் வீட்டில். இவர் ஓய்வில் இருந்தார். பழத்தட்டு எல்லாம் கொண்டுவந்திருந்தார்கள்.

"அக்கா, தப்பு என்னுதுதான். பசங்களை மட்டும் வாங்கினா பிரயோஜனம் இல்லன்னு நேத்து கண்ணால பார்த்தேன். அண்ணனையும் சேர்த்தே பேசிக்கலாம். பஸ் வேலையை விட்டுட்டு விழுப்புரத்துக்கே வந்துடட்டும். வீடு நான் குடுக்கறேன். சங்கவி, அந்த நில்லை எடுத்துடும்மா. அக்கா சொல்ற தொகையைப் போடு."

சங்கவி விரலை லேப்டாப் மேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "சொல்லுங்க ஆன்ட்டி. அங்கிளுக்கு எவ்ளோ போடலாம்?"

நான் கொத்தமல்லிக் கட்டுக்கே பேரம் பேசி பஜாரையே அழவைக்கிறவள். வாயைத் திறந்தேன். ஒரு லட்சம் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன், அசிங்கமாக இருந்தது. பத்து லட்சம் என்று சொல்லிப் பார்த்தேன், அதுவும் அசிங்கமாகவே இருந்தது. இந்த ஆளுக்கு எனக்கு விலை சொல்லத் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிடும் போலிருந்தது.

என் புருஷன் என் சங்கடத்தைப் பார்த்து உதவிக்கு வந்தார். "டெய்லி பேட்டா மாதிரி ஏதோ ஒன்னு போட்டுக்கோம்மா. நூறு ரூபா."

அவர் முதுகில் ஒன்று வைத்தேன். அப்போதுதான் எனக்கு வார்த்தை வந்தது.

"இவரை விக்கறதா இல்ல. பசங்களையும் விக்கறதா இல்ல. வேணும்னா வாரத்துக்கு விடறேன்."

சங்கவி லேப்டாப்பில் தட்ட ஆரம்பித்தாள். "ஒரு வாரத்துக்கா, ரெண்டு வாரத்துக்கா ஆன்ட்டி?"

சீனுவாசன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். எத்தனை பிளாட் விற்றாலும் அவரும் மாடு வைத்திருந்த குடும்பம்தானே. "அந்த வாரம் இல்லம்மா. ஊர்ல மாடு வாரத்துக்கு விடுவாங்க. மாடு ஒருத்தருது. இன்னொருத்தரு தீனி போட்டு வளர்ப்பாரு. வர்ற லாபம் ஆளுக்குப் பாதி. ஆனா மாடு எப்பவும் சொந்தக்காரருதுதான்."

பெருமுக்கல் பக்கம் நான் பிறந்த வீட்டில் சொந்த மாடு இருந்ததே இல்லை. தொழுவத்தில் நின்றதெல்லாம் அடுத்தவர் மாடு, வாரத்துக்கு வந்தது. அந்தப் பேச்சில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. "பசங்க அவங்கவங்க ஆத்தா அப்பனுக்குச் சொந்தம். திண்டிவனத்துலயே ஆடுவாங்க. முட்டை, பூட்ஸு, வேன் செலவு உங்களுது. எவனாவது பெரிய கிளப்புக்குப் போய் துட்டு வந்தா பாதி உங்களுக்கு. மறுபாதி கழகத்துக்கும் அந்தப் புள்ள வீட்டுக்கும். இவரு பஸ் வேலையை விட மாட்டாரு. ஓய்வு நாள் சாயங்காலம் உங்க மேட்சுக்கு அனுப்பறேன். ஞாயித்துக்கெழம என் பாதி. அன்னிக்கு இவரு வீட்ல."

சீனுவாசன் கொஞ்சம் முனகினார், கொஞ்சம் கணக்குப் போட்டார், பிறகு ஒப்புக்கொண்டார்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றார் என் புருஷன்.

"வாரத்துக்கு விட்ட மாட்டை யாரும் கேக்கறதில்ல. போய் எல்லாருக்கும் பால் வாங்கிக்கினு வா."

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. பூசை முடிந்து கோயில் வாசலில் நான் செருப்பு மாட்டி நிமிர்ந்தபோது அவர் அங்கேயே நின்றிருந்தார். இருவரும் சேர்ந்து நடந்து வந்தோம். கறிக்குழம்பு வைத்தேன், இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். அமலாவுக்குப் போன் போட்டுப் பேசினோம். நான் மெஷினில் உட்கார்ந்தபோது பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தார். நான் ஆசைப்பட்டது எல்லாம் கிடைத்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை.

வெயில் தாழ்ந்தது. திடல் பக்கத்திலிருந்து பிள்ளைகள் கத்தும் சத்தம் காற்றில் வந்து போனது. அவர் எழவில்லை. வாசல் பக்கம்கூடத் திரும்பவில்லை. ஸ்டூலைக் கொஞ்சம் நகர்த்தி, சுவர்க் கடிகாரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். "அமலாவுக்கு அந்தப் பச்சைத் துணில ஒரு சுடிதார் தைச்சா நல்லா இருக்கும் இல்ல?" என்று கேட்டார். அவருக்குப் பச்சைக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் தெரியாது. கையில் இருந்தது நீலத் துணி. கொடுத்த வார்த்தையை அந்த மனுஷன் பைசா குறையாமல் காப்பாற்றிக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை.

"எழுந்திருய்யா."

"எங்க?"

"அடுப்புல முட்டை வெந்து ஆறுது."

"இன்னிக்கு ஞாயித்துக்கெழம ஜெசி. உன் பாதி."

"என் பாதிதான். என் பாதியை நான் எங்க வேணா ஓட்டிக்கினு போவேன்."

பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைப் பூட்டினேன். தெருவில் இறங்கியதும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணத்தன்றுகூட அப்படிப் பிடித்ததில்லை. பூ விற்றுக்கொண்டிருந்த அம்சா வாயைப் பிளந்து பார்த்தாள். டீக்கடைக்காரர் பார்த்தார். இந்த வயதில் இது என்ன என்று எனக்குக் கூச்சமாக இருந்தது, கையை இழுத்துக்கொள்ளவும் மனசு வரவில்லை. ஏரிக்கரை வரைக்கும் அப்படியே பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். திருப்பத்தில் திடல் கண்ணில் பட்டதும் என் கையை விட்டுவிட்டு ஒரே ஓட்டமாக ஓடினார்.